பிரேக் கத்தினால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. கார் வைத்திருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். படித்துவிட்டு என்னைத் திட்டுவதென்றாலும் திட்டுங்கள், ஆனால் படியுங்கள்.

இந்த வருடம் கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிப்பது என்று உங்களில் பலருடைய கார்களில் ஏறி இறங்கியிருக்கிறேன். அதில் மூன்று கார்கள் பிரேக் போடும்போதெல்லாம் கத்தின. ஒருத்தர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். இன்னொருத்தர் கண்ணாடியை ஏற்றினார். மூன்றாவது ஆள், "ரெண்டு வருசமா இப்படித்தான் டீச்சர் கத்துது, ஆனா வண்டி நல்லா நிக்குது" என்று பெருமையாகச் சொன்னார். பின்சீட்டில் அவருடைய குழந்தைகள் இரண்டு பேர்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஏன் கத்துகிறது என்று கேட்காமல் சத்தத்தை மட்டும் அடக்காதீர்கள். பாட்டைக் கூட்டுகிறவர், காரணம் பார்க்காமல் ஸ்பிரே அடிக்கிற மெக்கானிக், காரணம் பார்க்காமல் "மொத்தமா மாத்திடலாம்" என்கிற மெக்கானிக், மூன்று பேரும் செய்வது ஒரே தவறுதான்.

"டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சிலர் கேட்பீர்கள். பதினைந்து வருடமாக என் சின்னக் காரை நானேதான் ஓட்டுகிறேன். ஒர்க் ஷாப்புக்குப் போனால் இன்றும் முதல் கேள்வி, "சார் வரலீங்களா மேடம்?" என்பதுதான். அவர்களுக்கு ஒரு செய்தி. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில், கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை அவர் மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, அந்தக் கட்டைமேல் தோல் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்று நாம் இன்று சொல்வதற்கு அதுதான் தொடக்கம் என்கிறார்கள். எது தேய்கிறது, ஏன் தேய்கிறது என்று பார்த்ததால் கிடைத்த பதில் அது.

சரி, பிரேக் ஏன் கத்துகிறது? என் வகுப்பில் உட்கார்ந்த எல்லோருக்கும் இது தெரியும். கரும்பலகையில் சாக்பீஸ் கிரீச்சிட்டால் காதைப் பொத்திக்கொள்வீர்களே, அதேதான். சாக்பீஸ் பலகையில் ஒரு நொடி பிடிக்கிறது, வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. இது மிக வேகமாக நடக்கும்போது அதிர்வு சத்தமாகிறது. சாக்பீஸைப் பாதியாக உடைத்து எழுதினால் சத்தம் நின்றுவிடும். காரில் பிரேக் பேட் என்பது சாக்பீஸ், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்பது பலகை. பேட் தேய்ந்தாலோ, அதன் மேற்பரப்பு மாறினாலோ, அதைப் பிடித்திருக்கும் பாகங்கள் இறுகினாலோ தளர்ந்தாலோ கத்தும். ஒரே சத்தத்துக்குப் பல காரணம் இருக்கலாம். அதனால்தான் கேள்வி கேட்க வேண்டும் என்கிறேன்.

மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: எப்போது கத்துகிறது?

மழை பெய்த மறுநாள் காலை, அல்லது வண்டி கழுவிய மறுநாள், முதல் நான்கைந்து பிரேக்கில் மட்டும் கரகரத்துவிட்டு நின்றுபோனால் பயப்பட வேண்டாம். டிஸ்க் வார்ப்பிரும்பு. ஈரத்தில் மெல்லிய துரு பிடிக்கும், பேட் அதைத் துடைத்துவிடும். நாள் முழுவதும் கத்தினால் அது வேறு. பிரேக்கை மிதிக்காமல் சும்மா ஓடும்போதே மெல்லிய கிரீச் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். பல கார்களில் பேட்டோடு ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருக்கிறார்கள். பேட் ஏறத்தாழ 2, 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் கத்தும். உங்களை எச்சரிக்கவே வைத்தது அது. அதைக் கேட்டுத்தான் நீங்கள் பாட்டைக் கூட்டுகிறீர்கள்.

மலை இறங்கிய பிறகு கத்த ஆரம்பித்ததா? ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நான்காவது கியரில், பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் பேட் சூடேறி, மேல்பரப்பு கண்ணாடி போல் பளபளத்து இறுகிவிடும். பிறகு கத்தும், பிடிப்பும் குறையும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

இரண்டாவது கேள்வி: எங்கே கத்துகிறது?

வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை மட்டும் மிதித்துப் பாருங்கள். அப்போதும் 'கிறுக் கிறுக்' என்றால் சத்தம் சக்கரத்தில் இல்லை, உங்கள் காலடியில் பெடல் ஆடும் இடத்தில். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தாலும் அதே மாதிரி முனகும். இதற்குப் போய்ப் புது பேட் போட்டவர்கள் உண்டு. பின்பக்கம் என்றால், நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் அங்கே டிரம் பிரேக். உள்ளே தூசி சேர்ந்திருக்கும், ஷூ உட்கார்ந்து நகரும் இடங்கள் காய்ந்திருக்கும்.

மூன்றாவது கேள்வி: என்ன மாதிரிச் சத்தம்?

கூர்மையான கிரீச் என்றால் இந்த வாரமே காட்டுங்கள். இரும்பும் இரும்பும் அரைபடுகிற 'கரகர' என்றால் வண்டியை அங்கேயே ஓரம் கட்டுங்கள். பேட் முழுதும் தீர்ந்து, பின்னால் உள்ள இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கிறது என்பதாக இருக்கலாம். சில சமயம் டிஸ்க்குக்கும் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவில் மாட்டின ஒரு சின்னக் கல்லும் இப்படிக் கத்தும். எது என்று பார்க்காமல் ஓட்டக் கூடாது.

இப்போது என் கோபத்துக்குக் காரணம் சொல்கிறேன். என் தம்பி மகன் இதைப் படிப்பான். படிக்கட்டும்.

அவன் காரில் முன் இடது சக்கரம் கத்தியது. ஒர்க் ஷாப்பில் விட்டான். அங்கே சக்கரத்தைக் கழற்றவே இல்லை. அலாய் வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்து, "பேட் நல்லா இருக்குங்க" என்று சொல்லி, ஏதோ ஸ்பிரே அடித்துக் கொடுத்தார்கள். சத்தம் நின்றது. "பாத்தியா அத்தை, அஞ்சு நிமிச வேலை" என்றான். இரண்டு வாரம் கழித்து, மனைவி, குழந்தைகள், என் தம்பி எல்லோருமாக ஏற்காடு போய் இறங்கும்போது கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது. நல்லவேளை, பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் இன்று சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். அவன் சக்கரத்தைக் கழற்றி என்னை ஸ்டூல் போட்டு உட்கார வைத்துக் காட்டினான். ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேட், டிஸ்க்கின் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. இடுக்கு வழியாகத் தெரிவது வெளிப் பேட் மட்டும்தான். அது பாதிக்கு மேல் இருந்தது. உள் பேட்டில் ஒன்றுமே மிச்சமில்லை. காரணம், காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் பின், கிரீஸ் காய்ந்து துருப்பிடித்து இறுகிவிட்டது. காலிப்பர் நகராததால் உள் பேட் மட்டும் ஓயாமல் உரசித் தேய்ந்தது. வெறும் பேட்டை மாற்றியிருந்தாலும் சில மாதத்தில் மறுபடி இதே கதைதான். பின்னைச் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள பிரேக் கிரீஸ் வைத்திருந்தால் முதலிலேயே சின்னச் செலவில் முடிந்திருக்கும். கடைசியில் இரண்டு பக்கமும் பேட், இரண்டு பக்கமும் டிஸ்க் மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த ஸ்பிரே செய்தது ஒன்றே ஒன்றுதான். கத்திக்கொண்டிருந்த ஒரே சாட்சியின் வாயை அடைத்தது.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேட் உரசும் பரப்பிலோ டிஸ்க்கிலோ எண்ணெய், கிரீஸ், துரு எடுக்கிற ஸ்பிரே எதுவும் படவே கூடாது. சத்தம் போகும், கூடவே பிரேக்கும் போகும். கிரீஸ் வைக்க வேண்டியது பின்னிலும், பேட்டின் முதுகுப் பக்கம் தொடும் இடங்களிலும். அதுவும் சாதாரண கிரீஸ் வைத்தால் உள்ளே உள்ள ரப்பர் ஊதிப்போய்விடும்.

அதேபோல் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் குறைந்தது என்று கேட்டார்களா? ஒன்று, எங்கோ ஒழுகுகிறது. அல்லது பேட் தேய்ந்து, பிஸ்டன் வெளியே வந்த அளவுக்கு ஆயில் இறங்கியிருக்கிறது. இரண்டுமே பார்க்க வேண்டியவை. இந்த ஆயில் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறினால் அந்த அளவே 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கம்பெனி சொன்ன கெடுவுக்கு, பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மாற்றிவிடுங்கள்.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்லவில்லை. நம்மையும் சொல்கிறேன். அரை மணி நேரம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, "ஒண்ணுமில்லைங்க, தூசிதான், துடைச்சுட்டேன்" என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்கு முந்நூறு ரூபாய்?" என்று பேரம் பேசுகிறோம். அதே ஆள் ஐயாயிரம் ரூபாய்க்குப் பாகம் மாற்றினால் வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறோம். காரணம் கண்டுபிடிக்கிற அறிவுக்குக் கூலி தர மறுத்துவிட்டு, எல்லாரும் பாகம் மாற்றியே பிழைக்கிறார்கள் என்று அழுதால் என்ன நியாயம்?

"எல்லாச் சத்தமும் ஆபத்தில்லையே டீச்சர்?" என்பீர்கள். உண்மை. உலோகத்தூள் அதிகம் கலந்த பேட் நல்ல நிலையிலும் கொஞ்சம் கத்தும். ஆனால் ஆபத்தில்லை என்பது பார்த்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை. "எங்களுக்கு நேரமில்லை" என்பீர்கள். போன் துடைக்கிற கண்ணாடி ஒட்டுவதற்குக் கடையில் ஒரு மணி நேரம் நிற்கிறீர்களே, கண்ணு!

செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

ஒன்று. மூன்று கேள்விக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி, ஒர்க் ஷாப்பில் அதைச் சொல்லுங்கள். "பிரேக் சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இரண்டு. சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். உள் பேட், வெளிப் பேட் இரண்டையும் பாருங்கள். புதிதில் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3க்கு வந்துவிட்டால் மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. ஒன்று அதிகம் தேய்ந்திருந்தால், காலிப்பர் பின் நகர்கிறதா என்று கேளுங்கள்.

மூன்று. டிஸ்க்கை மாற்ற வேண்டும் என்றால் அளந்து காட்டச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

நான்கு. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். உங்கள் காசில் வாங்கியது அது.

ஐந்து. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள், அந்தப் பையன் நுரையீரலுக்கும் கெடுதல். சுத்தம் செய்யத் தனி திரவம் இருக்கிறது.

ஆறு. நீங்களே கழற்றிப் பார்ப்பதென்றால் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

ஏழு. பார்த்துச் சொன்னதற்கு, ஒன்றும் மாற்றாவிட்டாலும், கேட்ட கூலியைக் கொடுங்கள்.

பொங்கல் விடுமுறைக்கு எப்படியும் எல்லோரும் குடும்பத்தோடு கிளம்புவீர்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி நாலு முறை பிரேக் போட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். என்ன கேட்டது என்று கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை அந்த ஐந்தாம் வகுப்புப் பையனிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்