எந்தப் புகை நாகரிகப் புகை?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆண்மகன் ஒருவன் தன் வீட்டு முற்றத்திலே காஸ் கிரில் அடுப்பை மூட்டி, ஆட்டு விலாவைச் சுட்டு, நண்பர்களுக்கு விருந்திடுவதிற் குற்றம் ஏதுமில்லை. மாமிசம் உண்பது பாவமென்று போதிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன் யான். விலா எலும்புக் கறியின் சுவையை நன்கறிந்தவன்; அதனை ஆக்கும் முறையையும் ஒருவாறு கற்றவன். அங்ஙனமிருக்க, அதைப்பற்றிக் கண்டித்தெழுத வேண்டுவது என்னவென்று வாசகர்கள் வினவக்கூடும். யான் கண்டிக்கப் புகுவது கறியையன்று, அடுப்பையுமன்று. ஒரே கூரையின்கீழ் ஒரு புகைக்கு வெகுமானமும் மற்றொரு புகைக்கு அவமானமும் வழங்கும் அநியாயத்தையே கண்டிக்கப் புகுகின்றேன்.

யான் ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்திற் கிராணி வேலை பார்ப்பவன். என் அக்காள் சிங்கப்பூரில், சொந்தத் தரைவீட்டில், கணவருடனும் பிள்ளைகளுடனும் வாழ்கின்றாள். பால்மரம் வெட்டி எங்களைப் படிக்க வைத்த எங்கள் தாயார், சென்ற ஆண்டு இரண்டு மாதம் மகள் வீட்டிலிருந்து வரலாமென்று போனார். போன மூன்றாம் நாள், பேரப்பிள்ளைகளுக்கு ஆசையோடு கருவாடு பொரித்துக் குழம்பு வைத்தார். அன்றிரவு அத்தான் அக்காளிடம் சொன்னார், அக்காள் தாயாரிடம் சொன்னாள்: “அம்மா, இந்த வீட்டில் இதெல்லாம் வேண்டாம். பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள்?” பக்கத்து வீட்டார் ஒன்றும் நினைத்ததாகவோ சொன்னதாகவோ யாதொரு சான்றுமில்லை.

அடுத்த ஞாயிறு யானும் சென்றிருந்தேன். அத்தான் முற்றத்திற் கிரில் அடுப்பின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, இடுக்கியும் கையுமாக நின்றார். பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்தரை மணி வரை கொழுப்புருகிய புகை நான்கு வீட்டுக்குப் பரவிற்று. அண்டை வீட்டார் வேலியோரம் வந்து, “நல்ல மணம்!” என்றார்கள். அத்தானும் மகிழ்ந்தார். விருந்து முடிந்தபின், கொழுப்பு வடிந்த தட்டைப் பின்கட்டிற் குந்தியிருந்து தேய்த்துக் கழுவியவர் யாரெனில், எங்கள் தாயார்! அதனைக் கண்ணாரக் கண்டும் யான் வாய் திறந்தேனில்லை. இரண்டு எலும்பைக் கடித்துவிட்டு, “பிரமாதம், அத்தான்” என்றே சொன்னேன். ஆகையால் இக்கட்டுரையின் முதற் குற்றவாளி யானே என்பதை ஒப்புக்கொண்டு மேலே செல்கின்றேன்.

விலா எலும்பு சுடுவது எளிய வேலையென்று யான் கூறவில்லை. தேக்காச் சந்தையில் விலாவை முழுப் பலகையாக வாங்கி, உட்புறம் ஒட்டிய சவ்வைக் கத்தி நுனியாற் கிளப்பி, துணியாற் பற்றி உரித்தல் வேண்டும். முதல்நாள் இரவே உப்பும் மசாலையும் தடவி வைத்தல் நலம். கிரிலில் ஒரு புறத்து எரிவாயை மட்டும் மூட்டி, நெருப்பில்லாத மறுபுறத்திற் கறியை வைத்து, மூடியைச் சாத்தி, உள்ளே ஏறக்குறைய 120 பாகை செல்சியஸ் வெப்பம் நிற்குமாறு காத்தல் வேண்டும். அவசரக்காரன் நேர் நெருப்பில் வைப்பான். புறம் கரியும், அகம் தோல்போல் இழுக்கும். மெல்லிய வெப்பத்திற் பல மணி நேரம் கிடந்தாற்றான் எலும்பைச் சுற்றிய கெட்டித் தசைநார் இளகிப் பசையாகும். கறி எலும்பு நுனியைவிட்டு அரை அங்குலம் பின்வாங்கும். சர்க்கரை கலந்த குழம்பை இறுதிக் கால்மணியிற்றான் பூசலாம். முன்னரே பூசினாற் கருகும். காஸ் குழாயின் இணைப்பிற் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுகின்றதா என்று பார்த்த பின்னரே அடுப்பை மூட்டல் வேண்டும். கதவடைத்த அறைக்குள் ஒருபோதும் மூட்டலாகாது. இத்தனையும் பொறுமையும் அறிவும் வேண்டும் தொழிலே.

ஆயின், புளியின் அளவையும் கருவாட்டின் உப்பையும் கண்ணாலேயே நிறுத்து, விறகடுப்பில் எரிநெருப்பையும் தணலையும் மாற்றி மாற்றிக் குழம்பு வைத்த கிழவியின் தொழில் இதனினும் தாழ்ந்ததா? வாரத்திற்கு ஒரு நாள் இடுக்கி பிடித்தவனுக்குக் கலைஞனென்று பெயர். ஆண்டில் எல்லா நாளும் கரண்டி பிடித்தவளுக்கு ஒரு பெயருமில்லை. இது என்ன நியாயம்?

இனி, இந்தப் பார்பிக்யூ எங்கிருந்து வந்தது என்பதையும் சற்றே ஆராய்வோம். அச்சொல்லின் மூலம், கரீபியத் தீவுகளின் பழங்குடியினர் இறைச்சியை வாட்டுவதற்குக் கட்டிய மரச்சட்டத்தின் பெயர் என்பர். அமெரிக்காவின் தென்பகுதியில், குழி வெட்டி, இரவெல்லாம் கண்விழித்து, இக்கலையை வளர்த்தவர்களுள் முதன்மையானோர் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களாவர். விலா எலும்போ நெடுங்காலம் மலிவான துண்டாகவே கருதப்பட்டது. அடிமையும் ஏழையும் ஆக்கிய உணவே இன்று சீமான் வீட்டு முற்றத்தில் நாகரிகச் சின்னமாய் விளங்குகின்றது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த ஏழையின் உணவுக்குத் தந்த மதிப்பை நம் ஏழையின் உணவுக்குத் தர மறுப்பதேன்?

நம் தோட்டங்களின் பழங்கதையையும் மறத்தலாகாது. மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ உண்டவர்களென்று இழிவு கூறி, சில தோட்டங்களில் ஒரு பகுதி மக்களைத் தனி லயத்தில் ஒதுக்கி வைத்தவர்கள் வெள்ளைக்காரர் மட்டுமல்லர்; கப்பலில் ஜாதியையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்த நம்மவருமே. அந்த இழிவைப் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நகரத்து உணவகங்களிற் பன்றி விலாவுக்கு வெள்ளி ஐம்பது கொடுத்து, படமும் பிடித்துக் கொள்கின்றனர். உண்பதை யான் தடுக்கவில்லை. லயத்திற் சமைத்தபோது ஈனமாயிருந்தது, ஆங்கிலப் பெயர் சூட்டியவுடன் மேன்மையானது எங்ஙனம் என்பதே என் வினா. பள்ளியில் ஆங்கிலமே பயின்று வளர்ந்த யான் இதனைப் பொறாமையினாற் சொல்கின்றேனென்று ஒருவரும் கருதமாட்டார்கள்.

“அண்டை வீட்டாரின் சௌகரியத்தைக் கவனிக்க வேண்டாமா?” என்று சிலர் கேட்பர். வேண்டும். சிங்கப்பூர்வாசிகளில் நால்வருக்கு மூவர்க்கு மேல் அடுக்குமாடிக் கழக வீடுகளில் வாழ்கின்றனர். 1989 முதல் அவ்வீடுகளில் இன விகிதமும் வகுக்கப்பட்டிருத்தலால், ஒருவர் சமையலின் வாசனை மற்றொருவர் சன்னலுக்குச் செல்வது இயல்பே. இவ்விஷயம் 2011 ஆகஸ்டிற் பெரும் வாதமாக வெடித்ததை வாசகர்கள் நினைவு கூர்வர். சீன தேசத்திலிருந்து குடியேறிய குடும்பமொன்று, அண்டையிலிருந்த இந்தியக் குடும்பத்தின் கறி வாசனையைப்பற்றி முறையிட்டது. இந்தியக் குடும்பத்தார் கதவையும் சன்னலையும் அடைத்தே சமைத்தும் போதவில்லை. சமூக மத்தியஸ்த நிலையத்தில் நிகழ்ந்த சமரசத்தில், அண்டை வீட்டார் இல்லாத வேளையிற் கறி சமைப்பதென்றும், அவர்கள் அக்கறியை ஒருமுறை சுவைத்துப் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த அச்சமரசம் பத்திரிகையில் வெளிவந்ததும் நகரமே கிளர்ந்தது. 2011 ஆகஸ்டு 21, ஞாயிற்றுக்கிழமையன்று, ஒரு பானை கறி சமைத்துப் பகிர்வோமென்று பல்லாயிரவர் உறுதி கூறினர். அவர்களிற் சீனர் உண்டு, மலாயர் உண்டு, யூரேசியர் உண்டு.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் யாது? அந்நியர் நம் கறியை வெறுத்தபோது பிற இனத்தார் நமக்காக அடுப்பு மூட்டினர். நாமோ, ஒருவரும் முறையிடாத வீட்டில், நம் தாயின் சட்டியை நாமே இறக்கி வைக்கின்றோம். 2014இல் பி.பி.சி. வெளியிட்ட செய்தியொன்று, இந்நகரின் வாடகை விளம்பரங்கள் சிலவற்றில் இந்தியரும் சீன தேசத்தாரும் வேண்டாமென எழுதப்பட்டிருந்ததை எடுத்துக்காட்டிற்று. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களிற் சமையல் வாசனையும் ஒன்று. அவ்விளம்பரத்தைக் கண்டு மனம் கொதிப்பவன், தன் வீட்டுச் சமையலறையில் அதே விளம்பரத்தை எழுதாமல் எழுதி ஒட்டலாமா?

“கருவாட்டின் நாற்றமும் சுட்ட கறியின் மணமும் ஒன்றாகுமா?” என்பது அடுத்த ஆட்சேபம். மூக்கு பழக்கத்தின் அடிமை. கருவாடு பொரிய ஆகும் காலம் பத்து நிமிஷம். விலா வாட ஆகும் காலம் மூன்று மணிக்கு மேல். அண்டை வீட்டார்க்குத் தொந்தரவென்பதே அளவுகோலாயின், நீண்ட புகையன்றோ முதலில் நிறுத்தப்படல் வேண்டும்? நிறுத்தச் சொல்லவில்லை; அளவுகோல் ஒன்றாயிருக்கட்டும் என்கின்றேன். கிரில் மூட்டுமுன் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லும் வழக்கமுண்டேல், கருவாடு பொரிக்குமுன்னும் அவ்வாறே சொல்லலாம். அதற்கு மேல் வெட்கம் எதற்கு?

“ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கிற் சீர்திருத்தத்தை நுழைப்பானேன்?” என்பது கடைசி ஆட்சேபம். ஜாதியை ஒழிக்க முயன்றோர் சமபந்தி விருந்தை ஒரு கருவியாகக் கொண்டது எதற்காக? யார் சமைத்ததை யார் உண்பது, யார் உண்ட இலையை யார் எடுப்பது என்பதிலேதான் மேல் கீழ் என்னும் பேதம் தினந்தோறும் உயிர் வாழ்கின்றது. சமையலறையிலும் முற்றத்திலும் இப்பேதத்தை விட்டு வைத்து, மேடையில் மட்டும் சமத்துவம் பேசுதல் வீண்.

ஆகவே தோட்டத்துத் தோழர்க்கும் நகரத்து நண்பர்க்கும் யான் வேண்டிக் கொள்வது மூன்று. கிரில் பிடிக்கும் கையே, அடுப்பு ஆறியபின், கொழுப்புத் தட்டையும் கழுவட்டும். தேங்கிய கொழுப்பு தீப்பற்றும் என்பதனால் அது சமைப்பவனின் கடமையுமாம். விருந்துக்கு வருபவர் முன்னிலையில் தாயின் குழம்பும் விலாக் கறியின் பக்கத்திலேயே வைக்கப்படட்டும். ஒருவர் உண்பதைக் கொண்டு அவர் பிறப்பை எடைபோடும் பேச்சு அம்மேசையில் எழுமாயின், பேசியவர் யாராயினும் அங்கேயே கண்டிக்கப்படட்டும்.

எங்கள் தாயார் இரண்டு மாதம் தங்கவில்லை. மூன்று வாரத்தில் தோட்டத்திற்குத் திரும்பிவிட்டார். ‘அங்கே வேலையொன்றுமில்லை, தம்பி’ என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் அவரை யானே சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்கின்றேன். தேக்காவிற் கருவாடு வாங்கிக்கொண்டே வருவோமென்றும், விலா வாடும் நேரத்தில் அடுப்பின் மறுபுறத்தில் அம்மா குழம்பு வைப்பாரென்றும், அண்டை வீட்டாரையும் அழைக்க வேண்டுமென்றும் அத்தானுக்கு எழுதியிருக்கின்றேன். தட்டை யான் கழுவுவதாகவும் எழுதியுள்ளேன். அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. பதில் எதுவாயினும் நாங்கள் போவதென்று தீர்மானித்துவிட்டோம்.