டாக்டர் கேட்காத கேள்வி

சென்ற மாதம் ஒரு விவசாயத் தொழிலாளத் தோழர் நமது சங்க ஆபீசுக்கு வந்தார். பருத்திக் காட்டில் மருந்தடிக்கும் கூலி வேலை. நான்கு மாதமாக இரண்டு கால்களும் மரத்துப் போகின்றன. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. சட்டைப் பொத்தான் போடக் கை நடுங்குகிறது. மூன்று டாக்டர்களிடம் காட்டிவிட்டார். ஒருவர் "நரம்புத் தளர்ச்சி" என்று ஊசி போட்டார். இன்னொருவர் "ஒன்றுமில்லை, மனக்கவலை" என்றார். மூன்றாமவர் "குடியை விடு" என்றார். தோழர் குடிப்பதே இல்லை! வீட்டார் மந்திரிக்க அழைத்துப் போனார்கள். வட்டிக்கு வாங்கிய பணம் தீர்ந்தது. நோய்க்குப் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

"என்ன வேலை செய்கிறாய்?" என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நாமும் முதலில் கேட்டது, "குடிப்பதுண்டா தோழர்?" என்றுதான். வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் நரம்பைத் தாக்கித்தான் பூச்சியைக் கொல்கின்றன. மருந்தடிப்பவனுக்கும் நரம்பு இருக்கிறதல்லவா? விஷம் ஏறி இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால்கள் மரத்துத் தளர்வதும் உண்டு. செயற்கைப் பட்டு மில்லில் கார்பன் டைசல்பைடு, பாட்டரிப் பட்டறையில் ஈயம், செருப்புப் பசையில் ஹெக்சேன் — இவையும் நரம்பைத் தின்னும் நஞ்சுகளே. ஈயம், பாதரசம் முதலிய நஞ்சேறிய தொழிலாளியைக் கண்ட டாக்டர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதினார்கள். கேள்வியே கேட்காத டாக்டர் எதைத் தெரிவிப்பார்?

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் மீன்பிடிக்கும் குடும்பங்களுக்குக் கை கால் மரத்தது, நடை தடுமாறியது, பேச்சுக் குழறியது. 1956 மே முதல் தேதி இந்த விசித்திர நோய் அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டது. தொற்றுநோய் என்று பயந்து அக்கம்பக்கத்தார் ஒதுக்கி வைத்தார்கள். சிஸ்ஸோ கம்பெனி கடலில் விட்ட பாதரசமே காரணம். 1959இல் கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டரே ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்து உண்மையைக் கண்டார். கம்பெனி அதை மறைத்தது. ஜப்பான் சர்க்கார் காரணத்தை ஒப்புக்கொண்டது 1968இல்!

அவ்வளவு தூரம் போவானேன்? நமது கொடைக்கானலில் பாதரச தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அதன் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் தரப்புடன் நிர்வாகம் உடன்பாடு செய்தது 2016இல். ஆலையால் நோய் வரவில்லை என்றே நிர்வாகம் சாதித்து வந்தது. தொழிலாளர்கள் ஒன்றாக நின்றதால்தான் அதுவும் கிடைத்தது.

மரத்துப்போன கால் ஒவ்வொன்றுக்கும் வேலையே காரணம் என்று நாம் சொல்லவில்லை. நீரிழிவு, தொழுநோய், பி-12 சத்துக் குறைவு ஆகியவற்றாலும் மரக்கும். சோதித்துத்தான் தெரியவேண்டும். ஆனால் திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கம் விழுந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

தோழர்களே! டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். எந்த வேலை, எத்தனை வருஷம், என்ன மருந்து, எந்தத் தேதியில் எங்கே மரத்தது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள். மருந்து டப்பாவின் சீட்டைக் கிழித்து எடுத்துச் செல்லுங்கள். அதில் சிவப்பு முக்கோணம் இருந்தால் மிகக் கொடிய விஷம். கூட வேலை செய்பவர்களையும் விசாரியுங்கள். ஒருவருக்கு வந்தால் "மனக்கவலை" என்பார்கள். பத்துப் பேருக்கு வந்தால் என்ன சொல்வார்கள்?

அந்தத் தோழரை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை மருந்தடிக்கப் போகக் கூடாது. போகாவிட்டால் அடுப்பு எரியாது. மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உதவித்தொகையாவது உண்டு. வயல் கூலிக்கு அதுவும் இல்லை. நோயின் பெயர் தெரியும் வரை அவர் எதைச் சாப்பிடுவார்?

ஆகவே நாம் கோருகிறோம்: ஆஸ்பத்திரிச் சீட்டு ஒவ்வொன்றிலும் நோயாளியின் தொழிலை எழுது! விஷச் சோதனையை ஜில்லா ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகச் செய்! நோய் தெரியும் வரை விவசாயத் தொழிலாளிக்கும் உதவித்தொகை கொடு!