சரிவைப் பார்த்த பிறகு ட்ரெக்டர் வாங்குவோம்

தெரணியகலை கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் அண்மையில் என்னிடம் யோசனை கேட்டார். வீட்டோடு சேர்ந்தாற்போல் இரண்டரை ஏக்கர் காணி வாங்கியிருக்கிறார். பெரும்பகுதி தேயிலை, மேட்டில் கொஞ்சம் இறப்பர், பள்ளத்தில் அரை ஏக்கருக்கும் குறைவான வயல். “முதல் ட்ரெக்டர், குபோட்டா எடுக்கவா மஹிந்திரா எடுக்கவா?” என்பதே அவர் கேள்வி.

“வருஷத்தில் எத்தனை நாள் உழுவீங்க நானா?” என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். பெரும்போகம், சிறுபோகம் இரண்டையும் சேர்த்தும் ஐந்து நாள் தேறவில்லை. வருஷத்தில் ஐந்து நாள் மட்டும் விலைப்படும் சரக்குக்கு அவர் தம் கடையில் இலட்சக்கணக்கான ரூபாவை முடக்குவாரா? மாட்டார். ஆனால் காணி என்று வந்ததும் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்து விடுகிறோம்.

பொலன்னறுவையிலும் அம்பாறையிலும் நான்கு சில்லு ட்ரெக்டர் ஓடுவதைப் பார்த்து ஆசைப்படுவோர் ஒன்றை மறக்கிறார்கள். அது சமதரை. தெரணியகலையோ சீத்தாவக்கை ஆற்றுக்கு மேலே ஏறி இறங்கும் மலை. வருஷத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நாற்பது குதிரை வலுவுள்ள ட்ரெக்டர் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் எடை கொண்டது. நனைந்த சரிவில் அது குறுக்கே போனால் ஓட்டுபவரின் கெட்டித்தனம் உதவாது. சுவீடன் 1959இல் புதிய ட்ரெக்டர்களுக்குக் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கிய பின்னரே அங்கு ட்ரெக்டர் கவிழ்ந்து இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. எமது நாட்டில் பழைய ட்ரெக்டர் வாங்குவோர் பெயின்ட்டையும் டயரையும் பார்க்கிறார்கள். ஆசனத்துக்குப் பின்னால் அந்த இரும்புச் சட்டகம் இருக்கிறதா என்று கேட்பவர் அரிது.

இன்னொரு விஷயம். தேயிலையும் இறப்பரும் நட்ட பிறகு உழும் பயிர்களே அல்ல. சரிவான நிலத்தைக் கிளறினால் மேல்மண் அடுத்த மழையில் ஆற்றுக்குப் போய்விடும். இதற்காகத்தான் 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ட்ரெக்டர் ஏறுவதற்கென்று மலையை வெட்டிப் பாதை போடுவதும் விளையாட்டல்ல. 2016 மே மாதம் எமது கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க சாமசர மலை சரிந்ததை நாம் மறந்திருக்க முடியாது. மண்வெட்டும் இயந்திரத்தை அழைப்பதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்பது புத்தி.

நாம் எல்லோரும் ‘லேண்ட்மாஸ்டர்’ என்று அழைக்கும் இரு சில்லு உழவு இயந்திரத்தின் கதை இங்கே பொருத்தமானது. 1950களில் அதை வடிவமைத்தவர் எமது நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. பிற்காலத்தில் அவரே தாம் செய்ததைக் கேள்விக்குட்படுத்தினார். விவசாயத்தை இயந்திரமயமாக்கியதாக நினைத்தோம், உண்மையில் எருமையைத்தான் இயந்திரமாக்கினோம் என்பது அவர் கருத்து. எருமை பால் தரும், எரு தரும், கன்றும் ஈனும், டீசல் கேட்காது. 2010இல் மறையும்வரை, சரிவு நிலத்தில் உழாமல் கிளிரிசீடியா வேலி நட்டு மண்ணைக் காக்கும் முறையையே அவர் வலியுறுத்தி வந்தார். தாம் உருவாக்கிய பொருளைப் பற்றியே இப்படிப் பேசத் துணிந்தவரின் சொல்லுக்கு, விற்பனை முகவரின் சொல்லைவிடப் பெறுமதி அதிகம்.

அப்படியானால் நானாவின் காணியில் இயந்திரத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. புல் வெட்டுவதும் சுமப்பதும்தான் அந்த வேலை. முதலாவதற்குத் தோளில் மாட்டும் புல்வெட்டும் இயந்திரம் போதும். கொழுந்து, பசளை, விறகு, மணல் என்று சுமக்க வேண்டியதற்கு ட்ரெயிலர் பூட்டிய லேண்ட்மாஸ்டர் நல்லதுதான், பாதை ஓரளவு சமமாக இருந்தால். செங்குத்தான இறக்கத்தில் பின்னாலுள்ள சுமை தள்ளும்போது அதன் ஸ்டீயரிங் கிளச் மாறி வேலை செய்யும். இடது பக்கத்தைப் பிடித்தால் வண்டி வலது பக்கம் திரும்பும். புதிதாக ஓட்டுபவர் பள்ளத்தில் விழுவது இதனால்தான். ஓட்டுவதற்கு ஜீ1 வகுப்பு அனுமதிப்பத்திரமும் வேண்டும். மலைப்பாதைக்கும் கடைக்கும் சேர்த்து ஒரு வாகனம் தேவையென்றால், டிமோ பட்டா போன்ற சிறு லொறி தினமும் உழைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு மூன்று ஏக்கர் சமதரை வயல் உள்ளவர், அயலாருக்கும் வாடகைக்கு உழுது கொடுக்க முடிந்தவர் ட்ரெக்டர் வாங்குவதில் தவறில்லை. அவரும் பிராண்டைக் கேட்க முன் அவிசாவளைக்குள் உதிரிப்பாகம் கிடைக்குமா, ஊர் கராஜ் பாஸுக்கு அந்த எஞ்சின் பழக்கமா என்று விசாரிக்கட்டும். உழவு நாளில் நின்றுபோன இயந்திரத்தால் போகமே பிந்திவிடும்.

பணம் திரட்டும் வழியையும் சொல்ல வேண்டும். வட்டிக்கு லீசிங் எடுக்க விரும்பாதோருக்கு, 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின் இஜாரா, முராபஹா போன்ற வழிகள் திறந்துள்ளன. எந்த வழியில் எடுத்தாலும் தவணை மாதாமாதம் வரும். வயல் வருமானம் போகத்துக்கு ஒரு தடவைதான் வரும். இடைவெளியை நிரப்பப் போவது கடைக் கல்லாப் பெட்டி. 2022இல் டீசல் வரிசையிலும் பின்னர் கியூஆர் கோட்டாவிலும் மாட்டிக்கொண்டவர்களுக்கு, ஓடாத இயந்திரத்துக்குத் தவணை கட்டுவதன் வேதனை தெரியும்.

நானா இந்தப் போகத்துக்கு ஊரிலுள்ள லேண்ட்மாஸ்டர் ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறார். புல்வெட்டும் இயந்திரம் வாங்கிவிட்டார். எத்தனை மணித்தியாலம் உழுதது, எவ்வளவு கொடுத்தார் என்பதைக் கடைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அறுவடை முடிந்ததும் அந்தப் பக்கத்தை இருவரும் பார்ப்பதாக ஏற்பாடு.