சித்தப்பா செய்த ரயில்

எங்கள் தெரு முனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. பூமிக்கு அடியில் ரயில் விடுவதற்காகத் தோண்டியது. சுற்றிலும் தகரம் அடித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தகரத்தைச் சுற்றிக்கொண்டு போவதில் என் ஸ்கூட்டர் தினம் எவ்வளவு பெட்ரோல் அதிகமாகக் குடிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பி.காம். படித்தவன் புத்தி வேறு எப்படி இருக்கும்? பில்லை யாருக்கு அனுப்புவது என்பதுதான் தெரியவில்லை.

நோட்டைக் காட்டிச் சித்தப்பாவிடம் புலம்பினேன். சித்தப்பா, பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 38 வருஷம் வெல்டராக இருந்து ரிடையர் ஆனவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"மூணு வருஷத்துக்கே நோட்டுப் போட்டுட்டியா? உங்க அத்தை கல்கத்தாவுல பன்னெண்டு வருஷம் பள்ளம் தாண்டினா. நோட்டுப் போட்டிருந்தா ஒரு லைப்ரரியே வச்சிருக்கலாம்."

அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் நடந்த கடிதப் போர் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அத்தை கல்யாணமாகி கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடித்தனம் போனது 1972-ல். லேக் மார்க்கெட் என்றால் தெரியுமில்லையா? கல்கத்தா போன நம்மூர்க்காரர்கள் முருங்கைக்காயும் இட்லியும் தேடி வந்து சேருகிற பேட்டை. அதே வருஷம் டிசம்பர் 29-ம் தேதி இந்திரா காந்தி அந்த ஊர் மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டினார். அத்தை இரண்டு சம்பவங்களையும் சேர்த்தேதான் ஞாபகம் வைத்திருக்கிறார். இரண்டில் எதில் அதிகக் கஷ்டப்பட்டார் என்று மாமா கேட்டதே இல்லை. புத்திசாலி.

ரயில் யோசனை அதற்கும் முந்தியது. முதல் மந்திரி பி.சி.ராய், 1949-லேயே பிரெஞ்சு நிபுணர்களை வரவழைத்துப் பார்க்கச் சொன்னார். காரணம் எளிது. டெல்லியில் ஊரின் பரப்பில் கால் பங்கு ரோடு என்றால், கல்கத்தாவில் ரோடு சுமார் 4 சதவீதம்தான். அதிலேயே டிராம், பஸ், கை ரிக்‌ஷா, ஊர்வலம் எல்லாம் போக வேண்டும். மேலே இடமில்லை, கீழேதான் போகணும் என்று முடிவானது. 1969-ல் இதற்கென்று ரயில்வேயில் தனி ஆபீஸ் போட்டார்கள். ரஷ்ய நிபுணர்கள் வந்தார்கள். 1971-ல் ஐந்து பாதைகள், 97.5 கிலோமீட்டர் என்று பெரிய பிளான். முதலில் டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை 16.45 கிலோமீட்டர். சுமார் 140 கோடி ரூபாய் என்று எஸ்டிமேட்.

எஸ்டிமேட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் இனத்துக்குக் காது விடைக்கும். விஷயத்துக்கு வருகிறேன்.

கல்கத்தாவின் மண் குழைந்த களிமண். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். அதனால் பெரும்பாலும் 'வெட்டி மூடு' முறை. இரண்டு பக்கமும் காங்கிரீட் சுவர் இறக்கி, நடுவில் மண்ணை அள்ளி, உள்ளே பெட்டி மாதிரி சுரங்கம் கட்டி, மேலே மூடி, மறுபடி ரோடு போடுவது. கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் அந்த ரோட்டுக்குக் கீழே வெள்ளைக்காரன் காலத்துச் சாக்கடை, தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய், டெலிபோன் கேபிள் எல்லாம் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் வேறு இடத்தில் குடியேற்ற வேண்டும். பணம் சரியாக வரவில்லை. கோர்ட்டில் தடை. பெல்காச்சியாவுக்கும் ஷியாம்பஜாருக்கும் நடுவில், கால்வாய்க்கும் ரயில்வே யார்டுக்கும் கீழே, வெட்டவே முடியாமல் எலி வளை மாதிரி குடைந்து போனார்கள். அது மட்டும் சுமார் ஒரு கிலோமீட்டர்.

இதெல்லாம் அத்தைக்கு எதற்கு? அத்தைக்குத் தெரிந்தது பள்ளம். பள்ளத்தின் மேல் ஒரு பலகை. பலகையின் மேல் இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, தோளில் காய்கறிப் பையோடு அத்தை. அப்போதுதான் இன்லண்ட் லெட்டர்கள் பறக்க ஆரம்பித்தன.

'தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே ரோட்டைக் காணோம். நேற்று இருந்த கடையை இன்று காணோம். 78 செப்டம்பர் மழையில் பள்ளம் எது, தெரு எது என்று தெரியாமல் உன் மாமாவின் ஒரு செருப்பு பூமிக்குள் போய்விட்டது. ரயில் வந்ததும் அதைத் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்.'

சித்தப்பா 1975-ல் ஐ.சி.எஃப்.பில் சேர்ந்தவர். 80-களின் ஆரம்பத்தில் ஒருநாள் அவர் எழுதிய பதில்தான் போரின் திருப்புமுனை.

'அக்காவுக்கு நமஸ்காரம். உன் ஊர் பள்ளத்தில் ஓடப்போகிற பெட்டி எங்கள் பேக்டரியில்தான் தயாராகிறது. நானும் வெல்டிங் அடிக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள். நல்லபடியாகச் செய்கிறோம்.'

ஆமாம் சார். இந்தியாவின் முதல் மெட்ரோவுக்குப் பெட்டி போனது நம்ம பெரம்பூரிலிருந்துதான்.

அதற்குப் பிறகு அத்தை திட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் விலாசத்தை மாற்றிக்கொண்டார். 'உன் ரயில் எப்போ வரும்?' என்று எழுத ஆரம்பித்தார். 'இந்த ரயில்' போய் 'உன் ரயில்' ஆகிவிட்டது.

உன் ரயில் 1984 அக்டோபர் 24-ம் தேதி வந்தது. எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை, ஐந்தே ஸ்டேஷன், 3.4 கிலோமீட்டர். பன்னிரண்டு வருஷத்துக்கு மூணே முக்கால் கிலோமீட்டர்கூட இல்லை என்று நான் கணக்குப் போட்டேன். சித்தப்பா முறைத்தார். 86 ஏப்ரலில் அத்தை வீட்டுப் பக்கத்தில் இருக்கும் காளிகாட் ஸ்டேஷனைத் தாண்டி டாலிகஞ்ச் வரை வந்தது. 16.45 கிலோமீட்டரும் முழுசாக ஓடியது 95 செப்டம்பரில். மொத்தச் செலவு சுமார் 1,825 கோடி. எஸ்டிமேட்டுக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காலேஜில் 'வேரியன்ஸ்' என்று சொல்லித்தந்தார்கள். பதின்மூன்று மடங்குக்கு என்ன பெயர் என்று பாடப் புத்தகத்தில் போடவில்லை.

86-ல் அத்தையின் கடைசிப் போர்க் கடிதம் வந்தது. இரண்டே வரி. 'ஏறினேன். நீ எப்போ வருகிறாய்?'

இங்கேதான் சித்தப்பாவின் வண்டவாளம் ஆரம்பம். கல்கத்தா மெட்ரோ தாமதம் என்று ஊரே சிரித்ததே, சித்தப்பாவின் கல்கத்தா பயணம் அதைவிடத் தாமதம். 86-ல் லீவு இல்லை. 88-ல் வீடு கட்டினார். 91-ல் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை. பிறகு இரண்டு பெண்கள் கல்யாணம், இரண்டு பிரசவம், முட்டி வலி. ஒவ்வொரு தடவையும் "அடுத்த வருஷம் கண்டிப்பா அக்கா." ரயில் பாதையாவது 16 கிலோமீட்டர் முன்னேறியது. சித்தப்பா சென்ட்ரல் ஸ்டேஷன்கூடத் தாண்டவில்லை.

இதற்குள் அங்கே என்னென்னவோ மாறிவிட்டது. ஊர் பெயரே கொல்கத்தா ஆனது. பவானிபூர் ஸ்டேஷன் நேதாஜி பவன் ஆனது. டாலிகஞ்ச், நடிகர் உத்தம் குமாரின் பெயருக்குப் போனது. 2010-ல் பாதை தெற்கே கவி சுபாஷ் வரை நீண்டது. அதே வருஷம் ஏ.சி. வண்டி வந்தது. 2011-ல் காகித டிக்கெட் போய் டோக்கன். 2021 பிப்ரவரியில் வடக்கே தக்ஷிணேஸ்வரம் வரை ரயில். அந்த வருஷம் அக்டோபர் 24-ம் தேதி, ஓட ஆரம்பித்து சரியாக 37 வருஷம் ஆன அன்றைக்கு, ஏ.சி. இல்லாத பழைய பெட்டிகளுக்கு விழா எடுத்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் செய்தியைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டியவன் நான்தான். பேப்பரை வாங்கி மடித்து வைத்தார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "அசிடிட்டி" என்றார்.

2025 ஜனவரியில் நான் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். சித்தப்பாவைக் கேட்டிருந்தால் அடுத்த வருஷம் என்றிருப்பார்.

காளிகாட் ஸ்டேஷனுக்கு அத்தைதான் கூட்டிப்போனார். 73 வயசு. கையில் கார்டு. கேட்டை அவர் கடந்த தோரணையைப் பார்த்தால் ஸ்டேஷனையே சீதனமாகக் கொண்டுவந்தவர் மாதிரி இருந்தது. நான் சுவரில் லேசாகச் சாய்ந்தேன்.

"சாயாதேடா! அழுக்காகும்!"

பன்னிரண்டு வருஷம் சபித்த அதே வாய். வெளியே தெருவில் வெற்றிலைச் சாற்றைச் சுவருக்குச் சுவர் காணிக்கை செலுத்தும் ஊர், கீழே இறங்கியதும் வாயைக் கட்டிக்கொள்கிறது. 'நம்ம பொருள்' என்று ஆகிவிட்டால் மனுஷன் எவ்வளவு மாறிப்போகிறான்!

முதல் வண்டி வந்து நின்றது. பளபளவென்று புத்தம் புதுசு. சித்தப்பா ஒரு காலை எடுத்து வைக்கப் போனார்.

"இரு. அது சீனாக்காரன் வண்டி. டாலியன்னு ஒரு ஊர்லேர்ந்து வருது. 2023-லேர்ந்து ஓடுது" என்றார் அத்தை.

சித்தப்பா எடுத்த காலைப் பின்னால் வைத்துவிட்டார். நாற்பது வருஷம் காத்திருந்தவர் இன்னும் ஏழெட்டு நிமிஷம் காத்திருக்க மாட்டாரா? பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். வண்டி போயிற்று. அடுத்தது வந்தது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது உன் வண்டி. ஏறு."

"என் வண்டி போயிடுச்சுக்கா. இது என் பசங்க பண்ணினது" என்றபடியே ஏறினார்.

ஏ.சி. பெட்டிகளில் பழையவையும் பெரம்பூரில் செய்ததுதான். சித்தப்பாவிடம் தொழில் கற்றவர்கள் செய்தது. சீட் காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. கதவோரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி. ஜதின் தாஸ் பார்க் தாண்டியது. நேதாஜி பவன் தாண்டியது. ரவீந்திர சதனில் சுவரெல்லாம் தாகூரின் கையெழுத்தும் ஓவியமும். சித்தப்பா எதையும் பார்க்கவில்லை.

"அக்கா, 84-ல வந்த வண்டி எப்படி இருக்கும்?"

"சூடா இருக்கும். சத்தமா இருக்கும். கூட்டத்துல காலை மிதிப்பாங்க. இருபத்தஞ்சு வருஷம் அதுலதான் ஸ்கூலுக்குப் போனேன். ரெண்டே தடவைதான் லேட்."

"ரெண்டு தடவை எதனால?"

"ஒரு தடவை மழை. இன்னொரு தடவை தூங்கிட்டேன்."

"அப்போ பெட்டி மேல தப்பில்லை" என்றார் சித்தப்பா. அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.

மறுநாள் எஸ்பிளனேடில் மாறி, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஹவுரா போகும் பச்சைப் பாதையிலும் ஏற்றினார் அத்தை. 2024 மார்ச்சில் திறந்தது. ஆற்றுக்குக் கீழே அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கெல்லாம் இப்போது மெஷினே குடைந்துகொண்டு போகிறது. அந்த வண்டி பெங்களூரில் செய்தது என்று தெரிந்ததும், "பரவாயில்லை, பக்கத்து ஊர்தான்" என்று பெருந்தன்மையாக மன்னித்தார் சித்தப்பா.

பழைய பாதையையும் சும்மா விட்டுவைக்கவில்லை. வண்டிக்குக் கரண்ட் கொடுக்கப் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு தண்டவாளம் ஓடுகிறது, 750 வோல்ட். அந்த உருக்குத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, மின்சாரம் அதிகம் வீணாகாத அலுமினியத் தண்டவாளம் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் புதுசெல்லாம் உசத்தி என்று அடித்துச் சொல்வதற்கில்லை. நாங்கள் திரும்பி வந்த ஆறாம் மாசம், 2010-ல் திறந்த கவி சுபாஷ் ஸ்டேஷனின் தூண்களில் விரிசல் என்று மூடிவிட்டார்கள். அத்தை சபித்த பள்ளத்தில் கட்டிய சுரங்கம் என்னவோ அப்படியே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

140 கோடி 1,825 கோடி ஆனதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தப் பதின்மூன்று மடங்கு மக்கள் பணம். கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் கட்டிடத்துக்கும் மெஷினுக்கும் தேய்மானம் எழுதக் கற்றுக்கொடுத்த வாத்தியார், கதவோரம் கை வைத்து நின்ற ஒரு மனுஷனை எந்தப் பத்தியில் எழுதுவது என்று சொல்லித்தரவில்லை.

சென்னை திரும்பினோம். ஆட்டோ எங்கள் தெரு முனைக்கு வந்து, தகரத்தைச் சுற்ற ஆரம்பித்தது. பழக்க தோஷம், நான் நோட்டை எடுத்தேன். சித்தப்பா கையைப் பிடித்தார்.

"எழுதிக்கோ, வேணாம்னு சொல்லலை. ஆனா இந்தப் பள்ளத்துக்கு எங்கேயோ ஒருத்தன் பெட்டி செஞ்சுக்கிட்டு இருப்பான்டா. அவனைப் பார்த்தியானா ஒண்ணு சொல்லு."

"என்ன சித்தப்பா?"

"ஓட ஆரம்பிச்ச முதல் வாரமே லீவு போட்டுட்டு வந்து ஏறிப் பார்த்துடச் சொல்லு. அடுத்த வருஷம்னு வைக்க வேணாம்."