அள்ள அள்ள வளரும் ஆகாயத்தாமரை!
பருவம் தப்பினால் செலவெல்லாம் பாழ்

தேனி:
"போன வருஷம்தானே அள்ளினாங்க? மறுபடியும் மூடிக் கிடக்கே!"

தேனி அல்லிநகரம் மீறுசமுத்திரம் கண்மாய்க் கரையில் நிற்கும் யாருக்கும் இப்படிக் கேட்கத் தோன்றும். ஆகாயத்தாமரையை அள்ள ஆளும் பணமும் மட்டும் இருந்தால் போதாது. வெயில், காற்று, மழை மூன்றும் ஒத்துவர வேண்டும்.

1 ஏக்கர் 16 ஏக்கர் ஆகும்!

சாக்கடை கலந்த, வெதுவெதுப்பான தண்ணீர் இந்தச் செடிக்கு விருந்து. இரண்டு வாரத்தில் இரு மடங்காகிவிடும். ஒரு மூலையில் 1 ஏக்கர் மிச்சம் விட்டால், இரண்டே மாதத்தில் 16 ஏக்கரை மூடிவிடும். "முக்கால்வாசி முடிச்சாச்சு" என்று கரையேறினால் வேலை முடிந்ததாக அர்த்தம் இல்லை.

சித்திரையை விட்டால்...

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு, ஜூன் தொடக்கத்தில் முல்லைப் பெரியாறு தண்ணீர் திறப்பது வழக்கம். அதற்கு முந்தைய சித்திரை, வைகாசிதான் நல்ல காலம். கண்மாயில் தண்ணீர் குறைந்திருக்கும். பொக்லைன் இறங்க முடியும்.

இன்னொரு லாபமும் உண்டு. 100 கிலோ செடியில் 90 கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீர்! கரையில் போட்டு வெயிலில் காயவிட்டால் லாரிச் செலவு பெருமளவு குறையும். ஆனால் கோடை மழைக்கு முன் அப்புறப்படுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கரையில் கிடப்பது மறுபடி கண்மாய்க்கே போய்ச் சேரும்.

ஆடிக் காற்று உதவுமா?

உதவும். மேற்கே இருந்து அடிக்கும் காற்று, மிதக்கும் செடிகளைக் கிழக்குக் கரைக்குத் தள்ளிவிடும். அங்கே நின்று இழுத்தால் பாதி வேலை மிச்சம்.

மருந்து அடிக்க மட்டும் இந்தக் காற்று ஆகாது. 2,4-டி போன்ற களைக்கொல்லி காற்றில் பறந்தால் திராட்சைக் கொடி தாங்காது. இலை சுருண்டு, பூவும் பிஞ்சும் கெடும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் பூமி இது. களையை ஒழிக்கப் போய் கொடியை இழக்கலாமா?

மீன் செத்து மிதப்பது ஏன்?

வெயில் காலத்தில் பாசியை மருந்து போட்டு ஒரே நாளில் கொன்றால் அது மொத்தமாக அழுகும். அழுகும்போது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். சூடான தண்ணீரில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு. மேகம் மூடிய நாளில் இன்னும் மோசம். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். நஷ்டம் குத்தகைக்காரர் தலையில்!

அதனால் கண்மாயை மூன்றாகப் பிரித்து, இடைவெளி விட்டுச் செய்வதே பாதுகாப்பு.

ஐப்பசியில் அடிக்கும் மருந்தோ, இலையில் ஒட்டுவதற்குள் மழையில் கரைந்து போகும். அடைமழையில் மடை, மறுகால் அடைபடாமல் பார்ப்பதே பெரிய வேலை.

முளைக்கும் விதை

சேற்றில் விழுந்த விதை 15 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். புதுத் தண்ணீர் வந்ததும் முளைக்கும். முதல் சில வாரங்களில் நாற்றைப் பிடுங்கினால் கை வேலை. விட்டால் மறுபடி பொக்லைன்தான்!

சித்திரையில் இயந்திரம் இறங்க வேண்டுமானால், மதிப்பீடும் டெண்டரும் மாசியிலேயே முடிந்தாக வேண்டும். கூடவே சாக்கடை வாய்க்காலையும் திருப்ப வேண்டும். தீனி போட்டுக்கொண்டே விரட்டினால் எது போகும்?

ஒப்பந்தம் விடுமுன் அதிகாரிகள் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டுவது நல்லது!