வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி

"பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்னும் வாக்கியத்தைப் பள்ளி விழா மேடைகளில் கேட்டுக் கேட்டு நம் காது மரத்துவிட்டது. இதைச் சொல்பவர் பெரும்பாலும் ஒன்றரை மணிநேரம் தாமதமாக வந்து, பொன்னாடை பெற்று, அடுத்த நிகழ்ச்சிக்கு விரைபவராக இருப்பார். அவருக்கு அக்கறை உண்டு, நேரந்தான் இல்லை. நமக்கு நேரம் இல்லையென்றால் மட்டும் அதற்கு அக்கறையின்மை என்று பெயர். இந்த இரட்டை அகராதியைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலவில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோரை விருந்தாளியாகக் கருதவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், வந்த நிதி எவ்வாறு செலவாயிற்று என்று பார்ப்பதும் அக்குழுவின் பணிகள். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் 20 பேர் கொண்டவையாக மறுகட்டமைக்கப்பட்டபோது 15 இடங்கள் பெற்றோருக்கு வந்தன. காகிதத்தில் இதைவிட அழகான ஜனநாயகம் இல்லை.

ஆனால், கூட்டம் எப்போது? மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு.

கெலமங்கலத்தில் அந்த மூன்று மணிக்கு யார் எங்கே இருக்கிறார்கள்? ஓசூர்த் தொழிற்சாலைக்கு இரண்டாம் ஷிப்டு போனவர் இரண்டு மணிக்கே இயந்திரத்தின் முன் நின்றுவிட்டார். முதல் ஷிப்டு முடித்தவர் கம்பெனிப் பேருந்தில் உறங்குகிறார். தக்காளித் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் தாய் இடையில் கிளம்பினால் பாதிக் கூலி போயிற்று. நாமோ கல்லூரியில் தொல்காப்பியம் நடத்திக்கொண்டிருப்போம். நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்பது இலக்கணம். சட்டம் நமக்கு நிலத்தைக் கொடுத்தது. சுற்றறிக்கை பொழுதைப் பறித்துக்கொண்டது. அந்தப் பிற்பகலுக்கு எற்பாடு என்று பெயர். அது நெய்தலுக்கு உரியது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பொருத்தந்தான்.

ஒருமுறை அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு போனோம். பள்ளியின் பெயர் இங்கு வேண்டாம். பதினைந்து பெற்றோரில் வந்தவர் நால்வர். பெண் உறுப்பினருக்குரிய நாற்காலியில் அவருடைய கணவர் அமர்ந்திருந்தார். நாம் கழிப்பறைக் கதவைப் பற்றித் தொடங்கினோம். அவர் தலைமைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தார். தமிழில் வாசிக்கப்பட்ட தீர்மானத்திற்கு, வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் தாய்மார் இருவர் புரியாமல் தலையசைத்தனர். தமிழாசிரியரான நமக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. வராத பதினொருவரின் கையெழுத்தும் மறுநாள் வீடு தேடிச் சென்று வாங்கப்பட்டது. ஆக, பதிவேட்டின்படி கூட்டம் முழு வருகையுடன் இனிதே நிறைவுற்றது. கதவு மட்டும் இன்னும் வரவில்லை.

ஆசிரியர்களும் மனிதர்கள்தாமே, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லலாமா என்று கேட்பர். கேள்வி நியாயமானது. ஓசூரிலிருந்து பேருந்தேறி வரும் ஆசிரியையின் ஞாயிறும் விலைமதிப்புள்ளதே. அதற்கு ஈடுசெய் விடுப்பு என்றொன்று அரசு ஊழியருக்கு இருக்கிறது. தினக்கூலிக்காரருக்கு அப்படி ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் வளைந்து கொடுக்க முடியுமோ அந்தப் பக்கந்தான் வளைய வேண்டும்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்களிக்கும் நாளில் தொழிலாளிக்கு ஊதியத்துடன் விடுமுறை தருகிறது. வாக்குப் போட விடுமுறை உண்டு. போட்டபின் கேள்வி கேட்க விடுமுறை இல்லை. பிரிட்டனில் அரசு நிதியில் இயங்கும் பள்ளியின் ஆளுகைக் குழுவில் இருப்பவருக்குப் பணிநேரத்தில் நியாயமான அளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்கிறது அந்நாட்டின் 1996ஆம் ஆண்டு வேலையுரிமைச் சட்டம். அதற்கு ஊதியம் தரும் கட்டாயம் அங்கும் இல்லை. எனினும், குழுப்பணி பொதுக்கடமை என்ற ஒப்புதலாவது இருக்கிறது.

நாம் கேட்பது அவ்வளவுகூட இல்லை. இரண்டு மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட்டம் ஞாயிறு காலையில் நடக்கட்டும். தீர்மானம் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒருமுறை விளக்கப்படட்டும். வராதவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்றே எழுதப்படட்டும். அந்த வெற்றிடங்களை எண்ணிப் பார்த்தால், இல்லாதது அக்கறையா நேரமா என்பது அதிகாரிகளுக்கும் விளங்கும். பொய்க் கையெழுத்தால் நிரம்பிய பதிவேட்டைவிட, காலியான பதிவேடு நம் பிள்ளைகளுக்கு அதிகம் உதவும்.