ஓணான் சொன்ன சாட்சி

மாசசூசெட்ஸ் காலனியின் சேலத்தில் 1692-இல் நடந்த சூனிய வேட்டையைப் பற்றி அண்மையில் ஒரு கட்டுரை வாசித்தேன். எழுதியவர் படித்தவர்தான். ஆனால் தூக்கில் தொங்கிய 19 பேரையும் பாறாங்கல் ஏற்றி நசுக்கப்பட்ட ஒரு கிழவரையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியும், அவர்களில் ஒருவர் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. போதகர்களின் பெயர்கள் மட்டும் பட்டம் பதவியோடு வருகின்றன. அவருடைய பரிவு யார் பக்கம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அவரது தலையாய வாதம் இது: பியூரிட்டன் காலனியில் போதகர் எவரும் அரசுப் பதவி வகிக்கவில்லை, ஆகவே அதை மத ஆட்சி என்பது பிழை. பாதி உண்மையை முழுப் பொய்க்குப் பந்தக்காலாக நட்டிருக்கிறார். போதகர் நாற்காலியில் உட்காரவில்லை, சரி. அதில் யார் உட்காரலாம் என்று முடிவு செய்தது யார்? 1631 முதல் சபை உறுப்பினரான ஆணுக்கு மட்டுமே ஓட்டுரிமை என்ற விதி இருந்ததே, அந்த உறுப்பினர் தகுதியை யார் அளந்து கொடுத்தார்கள்? 1641-இன் சட்டத்தொகுப்பில் மரண தண்டனைக்குரிய குற்றங்களின் பக்கத்தில் வேதாகம வசன எண்கள் அச்சாணியாக நிற்கின்றன. சூனியத்துக்கு ஆதாரம் யாத்திராகமம் 22:18. மாற்றிச் சிந்தித்த ரோஜர் வில்லியம்ஸும் ஆன் ஹட்சின்சனும் நாடு கடத்தப்பட்டார்கள். குவேக்கர் மதப்பிரிவை விடமாட்டேன் என்ற மேரி டயர் 1660-இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார். 1691-இன் புதிய சாசனம் ஓட்டுரிமையைச் சொத்தோடு இணைத்துவிட்டதே என்று கட்டுரையாளர் குறுக்கிடக்கூடும். சாசனம் மாறியது, ஆட்கள் மாறினார்களா? சேலம் வழக்குகளுக்குத் தலைமை நீதிபதியான வில்லியம் ஸ்டவுட்டன் இறையியல் படித்து, பிரசங்க மேடை ஏறிய மனிதர். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்தவர்களில் ஒருவர்கூடச் சட்டம் பயின்றவரில்லை.

போதகர்களுக்கும் வழக்குகளுக்கும் நேரடித் தொடர்பில்லை என்று அடுத்த பத்தியில் சாதிக்கிறார். சேலம் கிராமத்தின் போதகர் சாமுவேல் பாரிஸுக்கும் ஊராருக்கும் சம்பளத்திலும் விறகிலும் தகராறு. 1691 இலையுதிர் காலத்தில் அவருக்கான வரியை வசூலிக்க ஊர்க்குழு மறுத்துவிட்டது. அடுத்த சில மாதங்களில் அவர் வீட்டிலேயே ஒன்பது வயது மகளுக்கும் பதினோரு வயது உறவுப் பெண்ணுக்கும் வலிப்பு கண்டது. முதலில் மாட்டியவர்கள் யார்? பாரிஸின் அடிமைப் பெண் டிட்டுபா, வீடு வீடாகக் கையேந்திய சாரா குட், நோயாளியான சாரா ஆஸ்போர்ன். வாயடைக்க எளிதான மூன்று பேர். பிறகு வேட்டை மதிப்புக்குரியவர்களின் படியேறியது. 71 வயது ரெபெக்கா நர்ஸைச் சிறைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள், மார்ச் 27 ஞாயிறு, பாரிஸ் யோவான் 6:70-ஐ எடுத்துக்கொண்டு, சபைக்குள்ளேயே பிசாசுகள் உட்கார்ந்திருக்கின்றன என்று பிரசங்கித்தார். ரெபெக்காவின் தங்கை சாரா க்ளாய்ஸ் எழுந்து வெளியே போனார். அவர் பின்னால் கதவு படீரென்று அடித்துக்கொண்டது. இரண்டு வாரத்துக்குள் அவர் பெயருக்கும் வாரண்டு வந்தது. விசாரணைகள் பலவற்றைத் தன் கைப்பட எழுதிப் பதிவு செய்தவரும் இதே பாரிஸ்தான். இதைத் தொடர்பில்லை என்று சொல்பவரின் அகராதியில் தொடர்பு என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

போதகர்கள் நிதானத்தைப் போதித்தார்களாம். ஜூன் 15-இல் பாஸ்டன் போதகர்கள் கொடுத்த அறிக்கையைத்தான் காட்டுகிறார். அதைக் கடைசிவரை வாசித்திருக்க வேண்டும். ஆவியுருச் சாட்சியத்தில் எச்சரிக்கை தேவை என்று மேலே எழுதிய அதே பேனா, முடிவில் குற்றவாளிகள் மீது விரைவாகவும் தீவிரமாகவும் வழக்கு நடத்தச் சொல்கிறது. எழுதியவர் காட்டன் மேதர். ஆவியுருச் சாட்சியம் என்றால் என்ன? இந்த அம்மாளின் ஆவி வந்து என்னைக் கிள்ளியது என்று ஒரு சிறுமி சொன்னால், அந்த ஆவி அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தாலும், அது கிழவியின் கழுத்துக்குக் கயிறாகும். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நம் பாட்டிமார் சொன்னதை அங்கே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகஸ்ட் 19-இல், முன்னாள் போதகர் ஜார்ஜ் பரோஸ் தூக்குமரத்தில் நின்று பரமண்டல ஜெபத்தைப் பிழையில்லாமல் சொன்னார். சூனியக்காரனால் அது முடியாது என்பது ஊரின் நம்பிக்கை, கூட்டம் கலங்கியது. குதிரைமேல் இருந்த காட்டன் மேதர், சாத்தான் ஒளியின் தூதன் வேடமும் போடுவான் என்று சொல்லிக் கூட்டத்தை அடக்கினார். தடுமாறினால் சூனியக்காரன், தடுமாறாவிட்டால் சாத்தானின் தந்திரம்! இதுதான் நிதானமா? பத்து சூனியக்காரிகள் தப்பினாலும் ஒரு நிரபராதி சாகக்கூடாது என்று அவருடைய தந்தை இன்கிரீஸ் மேதர் ஒரு புத்தகத்தில் சொன்னது அக்டோபரில். அதற்குள் இருபது பேரும் செத்திருந்தார்கள். அந்தப் புத்தகத்திலும் பரோஸுக்குக் கிடைத்த தீர்ப்பு சரியென்றே பின்குறிப்பு எழுதினார்.

சட்டப்படி ஜூரிகளோடு நடந்த விசாரணை என்கிறாரே, ரெபெக்கா நர்ஸின் வழக்கைப் பார்ப்போம். ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்றே சொன்னார்கள். சிறுமிகள் அலறினார்கள். ஸ்டவுட்டன் ஜூரிகளை நோக்கி, அந்தப் பெண் சொன்ன ஒரு வாக்கியத்தை எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டார். சக கைதி ஒருத்தி சாட்சி சொல்ல வந்தபோது, இவளும் எங்களில் ஒருத்திதானே என்று ரெபெக்கா சொல்லியிருந்தார். எங்களோடு சிறையில் இருப்பவள் என்பது பொருள். விளக்கம் கேட்டார்கள். அவருக்குக் காது மந்தம், மனமும் துவண்டிருந்தது, பதில் வரவில்லை. அந்த மௌனமே குற்றமாயிற்று, தீர்ப்பு திருத்தப்பட்டது. ஜூலை 3-இல் அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள், 19-இல் தூக்கிலிட்டார்கள். சபைக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே கட்டுரையாளர் எழுப்பும் சுவர் இந்த 16 நாளில் எங்கே இருந்தது?

அந்தக் காலத்து மனநிலை அப்படி என்ற சப்பைக்கட்டும் வருகிறது. நர்ஸுக்காக மனுவில் கையெழுத்திட்ட 39 அண்டை அயலார் எந்தக் காலத்தவர்கள்? முதல் தூக்குக்குப் பிறகு நீதிபதி பதவியே வேண்டாம் என்று விலகிய சால்டன்ஸ்டால்? இந்த விசாரணை முறையையே கிழித்துக் கடிதம் எழுதிய தாமஸ் பிராட்டில்? எல்லாரும் 1692-இல் வாழ்ந்தவர்கள்தான். ரை தானியத்தில் பூஞ்சை பிடித்து மயக்கம் கண்டார்கள் என்ற 1976-இன் கருதுகோளையும் இழுத்து வருகிறார். அது வெளிவந்த ஆண்டே மறுக்கப்பட்டது. பூஞ்சை சிறுமிகளைப் பிதற்ற வைத்தது என்றே வைத்துக்கொள்வோம், ஸ்டவுட்டனின் கையெழுத்தையும் பூஞ்சையா போட்டது?

இவ்வளவு சிரமப்பட்டு அவர் காப்பாற்ற நினைப்பது மேதரையோ பாரிஸையோ அல்ல. பக்திமான்கள் கையில் அதிகாரம் இருந்தால் ஊர் ஒழுங்காக இருக்கும் என்ற தன் நம்பிக்கையை. அதற்குச் சேலம் தரும் பதில் இது: சூனியம் செய்தேன் என்று பொய்யாக ஒப்புக்கொண்டு அதிலேயே நின்ற ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. பொய் சொல்வது பாவம் என்று நம்பியவர்களே தொங்கினார்கள். நர்ஸின் இன்னொரு தங்கை மேரி ஈஸ்டி, என் உயிருக்காகக் கேட்கவில்லை, இனியாவது குற்றமற்ற இரத்தம் சிந்த வேண்டாம் என்று மனு எழுதிக் கொடுத்துவிட்டு செப்டம்பர் 22-இல் இறந்தார். வேதத்தை மெய்யாக வாழ்ந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கொன்ற ஆட்சியை வேதத்தின் பெயரால் நியாயப்படுத்த ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது?

கடைசியாக, வழக்கு நடத்தியவர்கள் மனம் வருந்தினார்களே என்கிறார் கட்டுரையாளர். நீதிபதி சாமுவேல் சீவல் 1697 ஜனவரியில் சபை நடுவே எழுந்து நின்று பழியை ஏற்றார். அந்த மனிதரை நான் மதிக்கிறேன். ஸ்டவுட்டன் சாகும்வரை வருந்தவில்லை. இழப்பீடு வந்தது 1711-இல்தான். சாரா குட்டின் கைக்குழந்தை தாயோடு சிறையில் கிடந்து, தாய் தூக்கிலேறும் முன்பே இறந்தது. மூத்த மகள் டாரதிக்கு நான்கோ ஐந்தோ வயது. சூனியக்காரி என்று அவளையும் ஏழெட்டு மாதம் சங்கிலியில் வைத்திருந்தார்கள். விசாரணையில் மனைவிக்கு எதிராகப் பேசிய தந்தை வில்லியம் குட் 1710-இல் மனு எழுதினார்: அந்தப் பயத்தில் மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பதினெட்டு ஆண்டாகியும் தன்னைப் பார்த்துக்கொள்ள அவளால் முடியவில்லை. அரசு அவருக்கு 30 பவுண்டு கொடுத்தது.